ஷேலில் பழைய மழையைத் தேடுவோருக்கு: களிமண் கனிமமா, புவிவேதியியலா?

“முப்பது ஷேல் மாதிரிகள் கையில் இருக்கின்றன. ஒரு வகைச் சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது. எக்ஸ்.ஆர்.டி. எடுத்துக் களிமண் கனிமங்களைப் பார்க்கவா, எக்ஸ்.ஆர்.எஃப். எடுத்துத் தனிமங்களை அளக்கவா?” தொல்காலநிலை ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். ஷேல் என்பது சேறு இறுகி உருவான பாறை; எக்ஸ்.ஆர்.டி., எக்ஸ்.ஆர்.எஃப். இரண்டும் எக்ஸ்-கதிரைக் கொண்டு செய்யும் சோதனைகள். பெரும்பாலும் துறையில் எந்தக் கருவி அன்றைக்கு ஓடுகிறதோ, அதுவே முடிவைச் செய்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருந்தாத முறையைத் தேர்ந்தாலும் எண்கள் வந்துவிடும், வரைபடமும் அழகாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் காட்டுவது பாறை புதைந்த ஆழமாக இருக்கலாம், கடல் உள்ளே வந்த காலமாக இருக்கலாம். அதை மழை என்று எழுதி அச்சேற்றிவிட்டால், பின்னால் வருகிறவர் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும்.

இரண்டு முறைகளும் விசாரிப்பது ஒரே நிகழ்வைத்தான். நிலத்தில் கிடந்த பாறையை மழைநீர் எவ்வளவு தூரம் கரைத்தது? ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமத்திலிருந்து சோடியமும் கால்சியமும் முதலில் கரைந்து ஓடும். பொட்டாசியம் பின்னால் போகும். அலுமினியம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே தங்கி, மிச்சப் பொருள்களோடு சேர்ந்து களிமண்ணாகும். ஆறு அதை அள்ளிக்கொண்டுபோய் ஏரியிலோ கடலிலோ படியவைக்க, அது இறுகி ஷேலாகிறது. எந்தக் களிமண் உருவானது என்று கேட்பது கனிம முறை. எவ்வளவு கரைந்து போனது என்று கேட்பது வேதி முறை.

## எதை வைத்து எடைபோடுவது

தேர்வுக்கு ஐந்து அளவுகோல்களை வைக்கிறேன். ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது; முதல் இரண்டும்தான் பாதிக்கு மேல் தீர்மானிக்கின்றன.

புதைந்தபோது பட்ட வெப்பம். மாதிரி எத்தனை டிகிரிவரை சூடேறியது? இதற்கு விடை தெரியாமல் எந்த முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உங்கள் கேள்வி. மொத்தத்தில் சிதைவு (மழைநீர் பாறையைக் கரைத்த அளவு) கூடியதா குறைந்ததா என்று தெரிந்தால் போதுமா, அல்லது ஆண்டு முழுதும் மழையா, பருவமழையா, வறட்சியா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமா?

சேறு வந்த மூலநிலம். ஆறு அரித்த பாறை அடுக்கு முழுவதும் ஒன்றேதானா, நடுவில் மாறியதா? புதிய பாறையிலிருந்து வந்த சேறா, பழைய படிவுகள் மீண்டும் அரிக்கப்பட்டு வந்த சேறா?

காலப் பிரிதிறன். தேடுவது பல லட்சம் ஆண்டு மாற்றத்தையா, சில ஆயிரம் ஆண்டு மாற்றத்தையா?

மாதிரியின் நிலையும் உழைப்பும். கார்பனேட் (சுண்ணாம்பு வகைக் கனிமம்) எவ்வளவு, கரிமப்பொருள் எவ்வளவு, எத்தனை கிராம் இருக்கிறது, முழுதாக வெட்டியெடுத்த துளைக்கருவா, துளையிடும்போது சேற்றோடு மேலே வரும் கிணற்றுத் துகளா, வெளியில் தெரியும் பாறையா?

## தெரிவு 1: களிமண் கனிமங்கள்

இந்த முறையின் பலம், கனிமமே சூழலைப் பேசுவதுதான். நீர் நன்றாக வடிந்து, மழை ஓயாமல் பெய்து, வெப்பமும் இருந்தால் கயோலினைட் உருவாகும். ஈரமும் உலர்வும் மாறி மாறி வந்து, நீர் தேங்கும் தாழ்நிலத்தில் ஸ்மெக்டைட் உருவாகும். குளிரிலோ வறட்சியிலோ பாறை வேதிமாற்றம் அடையாமல் உடைந்து பொடியாகும்போது இல்லைட்டும் குளோரைட்டும் அப்படியே வந்து சேரும். ஆவியாதல் மிகுந்த காரத்தன்மையுள்ள சூழலில் பாலிகோர்ஸ்கைட்டும் செபியோலைட்டும் தோன்றும். வறட்சிக்கு இவற்றைவிட நேரடியான சாட்சி ஷேலில் கிடைப்பது அரிது. தனிமக் கணக்கு எதுவும் இந்தத் தகவலைத் தராது.

1965-இல் பியர் பிஸ்கே அட்லாண்டிக் கடலடிச் சேற்றை அலசியபோது, வெப்பமண்டலக் கடல்களில் கயோலினைட்டும் துருவப் பக்கத்துக் கடல்களில் குளோரைட்டும் மிகுந்திருந்தன. நிலத்தின் காலநிலையைக் கடலடிச் சேறு பதிவுசெய்கிறது என்ற நம்பிக்கைக்கு அந்த வரைபடம் பெரிய அடித்தளம்.

வேலை இப்படி நடக்கும். பாறையை மெதுவாக உடைத்து, நீரில் கலக்கி, 2 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகளைப் பிரிக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் நீரில் 2 மைக்ரோமீட்டர் துகள் 10 சென்டிமீட்டர் இறங்கச் சுமார் 8 மணி நேரம் ஆகும். பிரித்ததைக் கண்ணாடித் தகட்டில் படுக்கைவாட்டாகப் படியவைத்து மூன்று முறை எக்ஸ்.ஆர்.டி. எடுக்க வேண்டும்: காற்றில் உலர்ந்தபடி ஒன்று, எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்து ஒன்று, 550 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்று. கிளைக்காலில் ஸ்மெக்டைட்டின் அடுக்கு இடைவெளி 17 ஆங்ஸ்ட்ரமுக்கு (அணு அளவிலான நீள அலகு) உப்பும். இல்லைட் 10-இலேயே நிற்கும். 550 டிகிரியில், எக்ஸ்.ஆர்.டி. வரைகோட்டில் கயோலினைட்டின் 7 ஆங்ஸ்ட்ரம் முகடு மறையும். குளோரைட்டின் 14 ஆங்ஸ்ட்ரம் முகடு வலுக்கும். ஒரே ஓட்டத்தை வைத்துக் கயோலினைட், குளோரைட் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கும் அறிக்கைகளில், 3.58, 3.54 ஆங்ஸ்ட்ரமில் வரும் இரட்டை முகட்டையாவது காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காட்டாவிட்டால் நம்ப வேண்டாம்.

### மறைந்திருக்கும் செலவுகள்

முதலாவதும் பெரியதும் வெப்பம். ஸ்மெக்டைட் ஆழத்தில் நிலைத்திருக்காது. ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரியில் தொடங்கி, பொட்டாசியத்தை உள்வாங்கி, ஸ்மெக்டைட்டும் இல்லைட்டும் கலந்த கலப்பு அடுக்காகி, கடைசியில் இல்லைட்டாகும். ஹோவரும் அவர் குழுவினரும் 1976-இல் அமெரிக்க வளைகுடாக் கரையோரக் கிணறு ஒன்றின் ஷேலை ஆராய்ந்தார்கள். கலப்பு அடுக்கில் 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த இல்லைட் பங்கு, சுமார் 2000 மீட்டருக்கும் 3700 மீட்டருக்கும் இடையில் 80 சதவீதமாக உயர்ந்திருந்தது. காலநிலைக்கு இதில் பங்கே இல்லை. விவரம் அறியாதவர் இதே வரைபடத்தைப் பார்த்தால், “கீழே குளிரும் வறட்சியும், மேலே பருவமழை” என்று எழுதிவிடுவார். அதே கிணற்றில் பாறையின் மொத்த வேதிக்கலவை பெரிதாக மாறவில்லை; ஸ்மெக்டைட்டுக்கு வேண்டிய பொட்டாசியம் அதே பாறையில் கரைந்த பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து கிடைத்தது என்று அவர்கள் காட்டினார்கள். கனிமத்தின் பெயர் அழிந்தபின்னும் தனிமக் கணக்கு தங்கியிருக்கும் என்ற இந்த ஒரு செய்திதான் என் தேர்வின் அச்சாணி.

அடுத்தது கடல்மட்டம். கயோலினைட் துகள்கள் பெரியவை, கரையருகே படிந்துவிடும். நுண்ணிய ஸ்மெக்டைட் தொலைவுக்குப் போகும். கடல் உள்ளே ஏறினால் நீங்கள் நிற்கும் புள்ளி கரையிலிருந்து தள்ளிப்போகிறது, கயோலினைட் குறைகிறது. மழை குறைந்ததுபோலத் தோன்றும்.

எரிமலைச் சாம்பலும் கடலடியில் ஸ்மெக்டைட்டாக மாறும். அந்த ஸ்மெக்டைட்டுக்கும் பருவமழைக்கும் உறவில்லை.

பழைய களிமண் மீண்டும் அரிக்கப்பட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான வலை. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலியோசீன் முடிவில் பூமி திடீரென்று சூடேறியபோது படிந்த சேற்றில், அண்டார்ட்டிக்காவை ஒட்டியும் வட அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் கயோலினைட் கூடுகிறது. வெப்பமும் மழையும் கூடியதன் நேரடி விளைவு என்றே முதலில் படிக்கப்பட்டது. அந்த நிகழ்வு முழுவதும் ஓரிரு லட்சம் ஆண்டுகளில் முடிந்துவிட்டது. கயோலினைட் நிறைந்த தடித்த மண் உருவாக அதைவிட நீண்ட காலம் வேண்டும். ஆகவே அதில் பெரும்பகுதி, முன்பே உருவாகியிருந்த பழைய கயோலினைட் கனமழையில் அரிக்கப்பட்டு வந்தது என்ற வாசிப்பு வலுப்பெற்றது. மழை கூடியது உண்மையாக இருக்கலாம். “அப்போது வெப்பமண்டல மண் உருவானது” என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் போதாது. மெதார் தியரி 2000-இல் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னார்: கடல் படிவுகளில் களிமண் கனிமங்கள் தரும் காலநிலைப் பதிவின் பிரிதிறன் பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது. ஆயிரம் ஆண்டு அலைகளைக் கயோலினைட் சதவீதத்தில் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அளவீட்டுத் துல்லியமும் மிதமானதே. பிஸ்கே முகட்டுப் பரப்புகளை ஸ்மெக்டைட்டுக்கு 1, இல்லைட்டுக்கு 4, கயோலினைட்–குளோரைட்டுக்கு 2 என்று பெருக்கி 100-க்குச் சமப்படுத்தினார். இன்றும் பலர் அதைத்தான் செய்கிறோம். வருவது அரைகுறை அளவு. ஐந்து சதவீத வித்தியாசத்தை வைத்துக் கதை கட்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து 100 ஆவதால், ஸ்மெக்டைட் குறைந்தாலே கயோலினைட் கூடியதுபோலத் தெரியும்.

கடைசியாக, கிணற்றுத் துகள் மாதிரி. ஒருமுறை நான் அலசிய கிணற்றில் ஓர் ஆழத்திலிருந்து ஸ்மெக்டைட் திடீரென ஏறியது. அதைப் பருவமழையின் தொடக்கம் என்று குறித்துவைத்து, மூன்று வாரம் அதன்மேல் வேலை செய்தேன். பிறகு கிணற்று அறிக்கை கிடைத்தது. அந்த ஆழத்தில்தான் துளையிடும் சேற்றின் கலவையை மாற்றியிருந்தார்கள். துளையிடும் சேற்றில் இருக்கும் பென்டோனைட் முழுக்க ஸ்மெக்டைட்டே. பொட்டாசியம் குளோரைடு கலந்த சேறாக இருந்தால் கனிமமும் கெடும், தனிமக் கணக்கும் கெடும். துகள் மாதிரிதான் கிடைக்கும் என்றால், துளையிட்ட பதிவேட்டை வாங்காமல் தூளாக்கத் தொடங்க வேண்டாம்.

### எப்போது இதைத் தேர்வது

புதைவு ஆழமில்லை, பருவநிலையையும் வறட்சியையும் பிரித்தறிய வேண்டும், கார்பனேட் மிகுந்திருக்கிறது, கையில் 10, 20 கிராம் மாதிரியும் பொறுமையும் உண்டு என்றால் இதுவே முதல் தெரிவு. கார்பனேட்டை நீக்க நீர்த்த அசிட்டிக் அமிலம் போதும். வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரைட்டையும் ஸ்மெக்டைட்டையும் தின்றுவிடும்.

## தெரிவு 2: முதன்மைத் தனிமங்களும் சிதைவுக் குறியெண்ணும்

நெஸ்பிட், யங் இருவரும் 1982-இல் கனடாவின் ஹ்யூரோனியன் தொகுதியின் சேற்றுப்பாறைகளை வைத்து ஒரு குறியெண்ணை முன்வைத்தார்கள். அலுமினியம் ஆக்சைடை, அலுமினியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் அந்த எண் வரும். எல்லாம் எடையில் அல்ல, மோல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில். இதுதான் சி.ஐ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் வேதிச் சிதைவுக் குறியெண். சிதையாத ஃபெல்ட்ஸ்பாருக்கு 50, புதிய கிரானைட்டுக்கு 45 முதல் 55, சராசரி ஷேலுக்கு 70 முதல் 75, தூய கயோலினைட்டுக்கு 100. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்தப் பாறைகளில், பனிக்காலத்தில் படிந்த கோவ்காண்டா அடுக்கில் எண் தாழ்ந்தும், வெப்பம் கூடிய மேலடுக்குகளில் உயர்ந்தும் இருந்தது. அவ்வளவு முதிய பாறையில் ஸ்மெக்டைட்டைத் தேடிப் பயனில்லை. எண் மட்டும் இன்னும் பேசுகிறது.

இந்த முறையின் நன்மைகள் வெளிப்படையானவை: வேகம், துல்லியம், சிறிய மாதிரி, ஆழப் புதைவைத் தாங்கும் தன்மை. உருக்கிய கண்ணாடி வில்லைக்கு ஒரு கிராம் அளவு தூள் போதும். எரித்து எடையிழப்புப் பார்க்க இன்னும் ஒரு கிராம். ஒரு நாளில் பல மாதிரிகள் முடியும். சிக்கல்கள்தான் தெரிவதில்லை.

### மறைந்திருக்கும் செலவுகள்

கார்பனேட்டை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஆஸ்திரேலியச் சராசரி ஷேல் என்று டெய்லரும் மெக்லென்னனும் தொகுத்த கலவையில் அலுமினியம் ஆக்சைடு 18.9, கால்சியம் ஆக்சைடு 1.3, சோடியம் ஆக்சைடு 1.2, பொட்டாசியம் ஆக்சைடு 3.7 சதவீதம். சி.ஐ.ஏ. 69.4 வரும். இதே ஷேல் 100 கிராமோடு 10 கிராம் கால்சைட் என்ற கார்பனேட் கனிமம் கலந்தால் கால்சியம் ஆக்சைடு 5.6 கிராம் கூடும், சி.ஐ.ஏ. 50.5-க்கு விழும். நன்றாகச் சிதைந்த சேறு, சிதையாத கிரானைட்போல ஆகிவிட்டது. கொஞ்சம் சிப்பி ஓடு செய்கிற வேலை இது. அதனால்தான் வாய்பாட்டில் சிலிகேட்டில் இருக்கும் கால்சியத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்று நெஸ்பிட்டும் யங்கும் விதித்தார்கள். மெக்லென்னன் 1993-இல் ஒரு நடைமுறை வழி சொன்னார்: முதலில் பாஸ்பரஸ் அளவைக் கொண்டு அப்பட்டைட் என்ற பாஸ்பேட் கனிமத்தில் உள்ள கால்சியத்தைக் கழி, மீதி சோடியத்தைவிட அதிகமாக இருந்தால் (மோல் கணக்கில்) சோடிய அளவையே கால்சியமாக வை. அப்படிச் செய்தால் மேலே சொன்ன கெட்ட மாதிரி 70-க்குத் திரும்பிவிடும். ஆனாலும் இது ஓர் அனுமானம். கார்பனேட் 30, 40 சதவீதம் உள்ள சுண்ணாம்புச் சேற்றில் இதை மட்டும் நம்ப எனக்குத் துணிவில்லை. அமிலத்தில் கரைத்துவிட்டு மீதியை அளப்பதே மேல்.

பொட்டாசியம் அடுத்த சிக்கல். ஷேல் முழு மூடிய அமைப்பாக இல்லாமல் வெளியிலிருந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் எண் இறங்கும். மேற்கண்ட ஷேலில் பொட்டாசியம் ஆக்சைடு 1.5 சதவீதம் கூடினால் 69.4 என்பது 65.5 ஆகும். ஃபீடோவும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல், அலுமினியம், கால்சியம்–சோடியம், பொட்டாசியம் என்ற முக்கோண வரைபடத்தில் புள்ளிகளை இட்டு, சிதைவுப் பாதையிலிருந்து பொட்டாசிய மூலைக்கு விலகிய தூரத்தைப் பின்னுக்குத் திருத்தும் வழியைக் காட்டினார்கள். இந்த முக்கோணம் இல்லாமல் சி.ஐ.ஏ.-வை மட்டும் வரைந்து வெளியிடுவதை நான் ஏற்பதில்லை. பொட்டாசியத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும் குறியெண்களும் உள்ளன. அவற்றில் வேறொரு குழி இருக்கிறது: கால்சியமும் சோடியமும் இல்லாத தூய பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், துளிகூடச் சிதையாமல் இருந்தாலும் 100 காட்டும்.

மூலப்பாறை மாற்றமும் எண்ணில் கலக்கும். புதிய பசால்ட்டின் எண் 30 முதல் 45, கிரானைட்டின் எண் 50-ஐ ஒட்டி. ஆறு பசால்ட்டை விட்டுக் கிரானைட்டை அரிக்கத் தொடங்கினால், வானம் மாறாமலே எண் மாறும். தோரியம்–ஸ்காண்டியம் விகிதத்தையும் அலுமினியம்–டைட்டானியம் விகிதத்தையும் பக்கத்தில் வரைந்து, அவை நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய படிவு மீண்டும் அரிக்கப்பட்டிருந்தால், முதல் சுற்றுச் சிதைவையும் சேர்த்தே எண் சொல்லும். காக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் தந்த, அலுமினியத்தோடு ஒப்பிட மற்ற உலோக ஆக்சைடுகள் எவ்வளவு என்று சொல்லும் கலவை மாறுபாட்டுக் குறியெண் 1-க்கு மேல் இருந்தால் முதல் சுற்றுப் படிவு என்று ஓரளவு நம்பலாம். 1-க்குக் கீழே போனால் எச்சரிக்கை தேவை. பழைய சேறு மீண்டும் வந்திருக்கலாம், அல்லது கடுமையான சிதைவே அப்படிக் காட்டலாம். சிர்கோனியம்–ஸ்காண்டியம் விகிதம் தோரியம்–ஸ்காண்டியத்தைவிட வேகமாக ஏறினால் எளிதில் சிதையாத சிர்கான் கனிமம் குவிந்திருக்கிறது என்று பொருள்; மறுசுழற்சி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மணல் கலப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஒரே மூலத்திலிருந்து வந்தாலும் மணற்பாறைக்கு எண் குறைவாகவும் சேற்றுக்கு அதிகமாகவும் வரும். வண்டல் கலந்த அடுக்கையும் தூய ஷேலையும் ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம்.

ஆய்வகத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியால் சோடியத்தை அளக்க முடியாது, அது அவ்வளவு இலேசான தனிமம். சோடியம் இல்லாமல் சி.ஐ.ஏ. இல்லை. “களத்திலேயே முந்நூறு புள்ளி அளந்துவிட்டேன், இனிக் குறியெண் போடலாம்” என்று வருபவரிடம் இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு அரைகலனில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் தூளில் ஏறும். சுவடுத் தனிமங்களும் அளக்கப்போகிறீர்கள் என்றால் அகேட் கலன் நல்லது.

இந்த எண்ணை நேரடியாக வெப்பநிலையாக மாற்றும் சமன்பாடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. மண் அடுக்குகளுக்காக உருவான மழையளவுச் சமன்பாடுகளையும் ஷேலில் போடுகிறார்கள். தொல்மண் ஒரே இடத்தில் நின்று சிதைந்தது. ஷேல் ஓர் ஆற்றுப்படுகை முழுவதன் கலவை. “இங்கு ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் மழை” என்று ஷேலிலிருந்து சொல்வதை நான் தவிர்ப்பேன். கூடியது, குறைந்தது என்பதே இந்த முறையின் நேர்மையான எல்லை.

### எப்போது இதைத் தேர்வது

பாறை ஆழமாகப் புதைந்து சூடேறியிருந்தால், மிகப் பழையதாக இருந்தால், மாதிரி சிறியதாகவும் எண்ணிக்கை பெரியதாகவும் இருந்தால், கார்பனேட் குறைவாக இருந்தால். ஆண்டு முழுதும் பெய்த மழைக்கும் பருவமழைக்கும் நடுவே வேறுபாடு காண வேண்டியிருந்தால் இது போதாது. 80 என்ற எண் ஸ்மெக்டைட் சேற்றிலும் வரும், இல்லைட்டும் கயோலினைட்டும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த சேற்றிலும் வரும். இரண்டுக்கும் பின்னால் இருந்த வானம் வேறு வேறு.

## தெரிவு 3: சுவடுத் தனிம விகிதங்கள்

பாறையில் மிகச் சிறிய அளவே இருக்கும் தனிமங்களின் விகிதங்கள் இவை: ஸ்ட்ரான்சியம்–தாமிரம், ருபிடியம்–ஸ்ட்ரான்சியம் போன்றவை. ஸ்ட்ரான்சியம்–தாமிரம் 5-க்கு மேல் என்றால் வறட்சி, கீழே என்றால் ஈரம் என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டின் பின்னால் போகும். தாமிரம் கரிமப்பொருளின் பின்னாலும் ஆக்சிஜன் அற்ற நீரின் பின்னாலும் போகும். கரிய ஷேலில் இந்த விகிதம் அளப்பது பெரும்பாலும் கடலடி நீரின் நிலையைத்தான். சுவடுத் தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியின் தரவு ஏற்கெனவே இருந்தால் துணைக்கு வரையுங்கள். இதற்காகத் தனியே செலவழிக்க வேண்டாம்.

## தெரிவு 4: களிமண்ணின் ஐசோடோப்புகள்

கயோலினைட், ஸ்மெக்டைட் ஆகியவற்றின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்) அவை உருவான நீரையும் வெப்பநிலையையும் நினைவில் வைத்திருக்கும். லித்தியம் ஐசோடோப்புகள் சிதைவின் கடுமையைப் பேசும். கோட்பாட்டளவில் எல்லாவற்றிலும் அழகான வழி. ஒரே ஒரு கனிமத்தைத் தூயதாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஷேலில் அது பெரும்பாடு. புதைவில் ஹைட்ரஜன் எளிதில் பரிமாறிக்கொள்ளும். கனிமமும் தனிமமும் முடித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட கேள்வி மிஞ்சும்போது, ஐந்தாறு மாதிரிகளுக்குச் செய்யத்தக்கது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | களிமண் கனிமங்கள் | முதன்மைத் தனிமங்கள் | சுவடு விகிதங்கள் | ஐசோடோப்புகள் |
|---|---|---|---|---|
| புதைவு வெப்பம் | ஸ்மெக்டைட் அழியும் | பெரும்பாலும் தாங்கும். பொட்டாசியத்தைக் கவனிக்க | கலவையான விளைவு | ஹைட்ரஜன் எளிதில் கெடும் |
| பருவமழை, வறட்சி பிரித்தல் | முடியும் | முடியாது | நம்பத்தகாது | ஓரளவு |
| கார்பனேட் மிகுதி | அமிலத்தில் நீக்கலாம் | பெரிய இடையூறு | பெரிய இடையூறு | பிரித்தபின் இடையூறில்லை |
| மறுசுழற்சி | ஏமாற்றும் | ஏமாற்றும்; கண்டறிய வழி உண்டு | ஏமாற்றும் | ஏமாற்றும் |
| கடல்மட்ட மாற்றம் | பாதிக்கும் | துகள் அளவு வழியே பாதிக்கும் | பாதிக்கும் | குறைவு |
| உழைப்பு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |

## இரண்டும் முரண்படும்போது

பணம் சற்றுக் கூடினால் இரண்டையும் செய்யுங்கள் என்பது என் பரிந்துரை. ஒன்றை ஒன்று உறுதிசெய்யும் என்பதற்காகச் சொல்லவில்லை. அவை ஒத்துப்போகாத இடங்களில்தான் பாறையின் உண்மையான வரலாறு வெளிப்படுகிறது.

கீழே போகப்போக இல்லைட் கூடி ஸ்மெக்டைட் குறைகிறது, சி.ஐ.ஏ. மட்டும் அசையவில்லை என்றால் புதைவு. வளைகுடாக் கிணற்றின் கதை அதுதான்.

கயோலினைட்டும் சி.ஐ.ஏ.-வும் சேர்ந்து ஏறுகின்றன, தோரியம்–ஸ்காண்டியம் நேராக நிற்கிறது, கலவை மாறுபாட்டுக் குறியெண்ணும் 1-ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கிறது என்றால் நிலத்தில் சிதைவு கூடியது என்று எழுதலாம். இரண்டும் ஏறும்போதே அந்தக் குறியெண் சரிந்து சிர்கோனியமும் குவிந்தால் பழைய கயோலினைட் மண் அரிக்கப்பட்டு வந்ததா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒரு மெல்லிய அடுக்கில் ஸ்மெக்டைட் மட்டும் பாய்ந்தேறி, சுவடுத் தனிமங்களும் அதே இடத்தில் மூலப்பாறையின் வழக்கமான கலவையிலிருந்து விலகினால் சாம்பல். மெல்லிய தகடு வெட்டி எரிமலைக் கண்ணாடித் துணுக்குகளைத் தேடுங்கள்.

சி.ஐ.ஏ. விழுகிறது, கனிமங்கள் மாறவில்லை என்றால் கார்பனேட் திருத்தம், மணல் கலப்பு, பொட்டாசிய ஏற்றம் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். என் அனுபவத்தில் முதல் சந்தேகமே பெரும்பாலும் போதும்.

## முப்பது மாதிரிக்காரருக்கு

பாறை எவ்வளவு சூடேறியது என்பதை அதிலுள்ள கரிமப்பொருள் காட்டும். ஆகவே முதலில் ராக்-எவல் சோதனையின் டி-மேக்ஸ் அளவையோ (ஆய்வகத்தில் சூடாக்கும்போது பதிவாகும் வெப்பநிலை; பாறை புதைந்த வெப்பநிலை அல்ல) விட்ரினைட் என்ற கரித்துகளின் எதிரொளிர்வையோ இரண்டு மூன்று மாதிரிகளுக்குப் பெறுங்கள். அதே படுகையில் எண்ணெய் தேடியவர்கள் வெளியிட்ட எண் இருந்தால் இன்னும் நல்லது. டி-மேக்ஸ் சுமார் 435 டிகிரிக்குக் கீழே, எதிரொளிர்வு 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் களிமண் கனிமங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும், முப்பதுக்கும் எக்ஸ்.ஆர்.டி. செய்யலாம். அதற்கு மேலே என்றால் முப்பதுக்கும் எக்ஸ்.ஆர்.எஃப்., உருக்கிய வில்லையில். கரிமப்பொருள் இல்லாத சிவப்பு ஷேலில் இந்த வெப்ப அளவீடுகள் இரண்டும் கிடைக்காது; அப்போது மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று எடுத்துக் கிளைக்கால் ஓட்டம் போடுங்கள். 17 ஆங்ஸ்ட்ரம் முகடு மேலும் கீழும் தெளிவாக இருந்தால் புதைவு குறைவு. கீழே மட்டும் அது கரைந்து 10 ஆங்ஸ்ட்ரம் பக்கம் சாய்ந்திருந்தால் வேதி முறைக்குப் போங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஐந்தாறு மாதிரிகளை மற்ற முறைக்கு ஒதுக்குங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. நிறம் மாறும் இடம், வரைபடம் திரும்பும் இடம், மேல் நுனி, அடி நுனி என்று பார்த்து எடுக்க வேண்டும். வெளியில் தெரியும் பாறையில் எடுக்கிறீர்கள் என்றால் அரை மீட்டராவது தோண்டி உள்ளிருந்து எடுங்கள். கரிய ஷேலில் பைரைட் காற்றுபட்டுக் கந்தக அமிலமாகிக் குளோரைட்டையும் கார்பனேட்டையும் கரைத்துவிடும். மஞ்சள் நிற ஜாரோசைட் பூச்சு தெரிந்தால் அங்கே எடுக்காதீர்கள், இன்னும் உள்ளே போங்கள். உடைக்கும்போது அரைக்காமல், நீரில் ஊறவைத்து உறையவிட்டு உருகவிட்டுப் பிரித்தால், கனிமம் காயப்படாமல் வரும். எடுத்த மாதிரியில் பாதியை அரைக்காமல் பெட்டியில் வையுங்கள். ஐசோடோப்புக்குப் பணம் கிடைக்கும் நாளில் அதே அடுக்கிலிருந்து மீண்டும் எடுக்க மலைக்குப் போக வேண்டியிருக்காது.